ஐந்து ரூபாய்க் குத்தகை

பதுளைக் கடைவீதி முடிந்து ஹாலிஎலப் பாதை தொடங்குகிற முனையில் ஸுபைராவின் வண்டிப்பேட்டை இருந்தது. பண்டாரவளைவரைக்கும் ரயில் வந்து, அதற்கிப்பால் வராமல் நின்றிருந்த காலம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளெல்லாம் மாட்டுவண்டியில்தான் பண்டாரவளைக்கு ஏறவேண்டும். அங்கிருந்து அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் அதே வண்டிகளில் இறங்கவேண்டும். போகிறவர்களும் வருகிறவர்களும் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, ரொட்டியும் சம்பலும் தின்று, பாய் விரித்துப் படுத்து எழும்புகிற இடம் அது.

கணவன் லத்தீப் முதலாளி மௌத்தானபோது ஸுபைராவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கவில்லை. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தா முடிந்த கையோடு அண்ணன் ஸஹாப்தீனைக் கல்லாவில் உட்கார வைத்தாள். அவனுக்குப் பின்னால் ஓர் அரைக்கதவு. அதற்கு உள்ளே அவள். வண்டிக்காரர்கள் ஸஹாப்தீனிடம் கேட்பார்கள், பதில் கதவுக்குப் பின்னாலிருந்து வரும். கொஞ்ச நாளில் அவர்கள் ஸஹாப்தீனைப் பார்த்துக்கொண்டே "என்ன உம்மா சொல்றீங்க?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். ஸஹாப்தீனும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வெற்றிலையும் நாலு பேரோடு பேச்சும் இருந்தால் போதும்.

லத்தீப் விட்டுப்போனது இரண்டு சொத்து. ஒன்று இந்தப் பேட்டை. மற்றது இதை ஒட்டிய பண்டசாலை. கல்லால் கட்டிய நீளக் கட்டடம். ஸ்ட்ராத்வெல் கம்பனி என்ற லண்டன் தேயிலைக் கம்பனி தன் தோட்டங்களின் பெட்டிகளை அதில்தான் இறக்கி அடுக்கியது. மாதம் நாற்பது ரூபாய் வாடகை. மகளின் கலியாணம் கூடிவந்தபோது ஸுபைரா அந்தப் பண்டசாலையைக் கம்பனிக்கே விற்றாள். நல்ல விலைதான் கொடுத்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வாங்கிய பிறகு கம்பனி அதற்கு மேல்மாடி போட்டது, இரும்புக் கதவு வைத்தது, முன்னால் வண்டி திரும்ப முற்றம் கட்டியது.

சில வருடங்களில் பதுளைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்கு, ஊரை நிர்வகிக்கிற லோக்கல் போர்ட் கடன் வாங்கியிருந்தது. கடனை அடைக்கச் சோலைவரியை ஏற்றினார்கள். சோலைவரி என்பது வீட்டுக்கும் கடைக்கும் போடுகிற வரி. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்குமோ அதுதான் அதன் மதிப்பு, அந்த மதிப்பில் ஒரு பங்கு வரி. புதிய மதிப்பீட்டைப் போர்டு அலுவலகமான கந்தோரின் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்த ஸஹாப்தீன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னான்.

"தங்கச்சி, நம்ம பேட்டைக்கு வரி ஒண்ணரை மடங்கு ஆயிட்டு. அது கிடக்கட்டும். பக்கத்துல மாடி வச்ச பண்டசாலைக்கு எவ்வளவு தெரியுமா? நமக்குப் போட்டதுல கால்வாசியும் இல்ல."

"எழுத்துப் பிழையா இருக்கும், நானா" என்றாள் அண்ணனிடம்.

"நானும் அப்படித்தான் கேட்டேன். போர்டுக் கிளாக்கர் பல்லைக் காட்டிச் சிரிச்சான். கம்பனி குடுக்கிற வாடகை மாசம் அஞ்சு ரூபாயாம்."

"வாடகையா? நான்தான் வித்துட்டேனே. சொந்தக் கட்டடத்துக்கு யாருக்குக் குடுக்கிறாங்க வாடகை?"

ஸஹாப்தீனுக்கு அது தெரியவில்லை. பண்டசாலைக் கிளாக்கர் வீரய்யாவுக்குத் தெரிந்திருந்தது. வீரய்யா திருச்சிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்து, மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, கம்பனியில் சேர்ந்தவர். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குப் பேட்டைக்கு வந்து ஒரு கோப்பை பிளேன்டீ குடிப்பார். அன்றும் வந்தார். ஸுபைரா கதவுக்குப் பின்னாலிருந்து நேராகவே கேட்டாள்.

"இதுல ஒளிக்க ஒண்ணுமில்லீங்க உம்மா" என்றார் வீரய்யா. "உங்ககிட்ட வாங்கின கட்டடத்தைக் கம்பனி லண்டன்ல பெல்பிரிட்ஜ்னு இன்னொரு கம்பனிக்கு வித்துடுச்சு. இப்ப பெல்பிரிட்ஜ்தான் சொந்தக்காரன், நாங்க குத்தகைக்காரன். மாசம் அஞ்சு ரூபா. ஒப்பந்தம் முத்திரை குத்திச் சுத்தமா இருக்கு."

"அந்தப் பெல்பிரிட்ஜ் யாரு? அஞ்சு ரூபாய்க்கு விடுறானே, பைத்தியமா?"

வீரய்யா கோப்பையைக் கீழே வைத்தார். "அதே ஆளுங்கதான். ரெண்டு கம்பனிக்கும் அதே நாலு துரைமார்தான் டைரக்டர். இடது கையிலிருந்து வலது கைக்குக் குடுக்கிற மாதிரி. லாபத்துக்கு வரி கேக்கிற ஊரு லண்டன், அதனால அங்க வேற கணக்குல லாபம் கொறச்சலாத் தெரியும். கட்டடத்துக்கு வரி கேக்கிற ஊரு பதுளை, அதனால இங்க கட்டடம் கொறச்சலாத் தெரியும். சட்டத்துல தப்பே இல்லீங்க."

"ஆனா குழாய்க் கடனை யாராவது கட்டத்தானே வேணும்?"

"ஆமாங்க. கட்டடம் பெரிசாத் தெரியிறவங்க கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு வீரய்யா எழுந்துகொண்டார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொன்னார்.

மதிப்பீட்டை எதிர்த்து மனுக் கொடுக்க ஒரு தவணை உண்டு. ஸஹாப்தீன் மனு எழுதுவித்துக் கொடுத்தான். விசாரணை நாளன்று அவன் தனியாகப் போவதாகத்தான் பேச்சு. காலையில் அவன் சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டுவதைப் பார்த்த ஸுபைரா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நானும் வாறேன். உங்களுக்குப் பின்னால இருந்துக்கிறேன்" என்றாள்.

போர்டுக்குத் தலைவர், அரசாங்க நிர்வாக அலுவலகமான கச்சேரியின் ஏஜண்டு துரை. அவருக்கு ஒரு பக்கம் ஊர் உறுப்பினர் இரண்டு பேர், மறுபக்கம் ஒரு தோட்டத்துரை. கம்பனிக்காகக் கறுப்புக் கோட்டுப் போட்ட பிரக்கிராசி வக்கீல் ஒருவர் வந்திருந்தார். துரை கேட்பதை, மொழிபெயர்க்கிற உத்தியோகத்திலிருந்த முதலியார் ஒருவர் தமிழில் சொன்னார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஸஹாப்தீன் எழுந்தான். "அது வந்து... பண்டசாலை... எங்கட மச்சான் காலத்துல..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். தோட்டத்துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நான் பேசலாமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

முதலியார் திடுக்கிட்டுத் துரையைப் பார்த்தார். துரை தலையசைத்தார். ஸுபைரா எழுந்தாள். தரையைப் பார்த்தபடிதான் பேசினாள், ஆனால் பேட்டையில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"இந்தப் பண்டசாலை முந்தி எங்களுடையது. மாடியும் இரும்புக் கதவும் இல்லாத காலத்துல இதே கம்பனி எங்களுக்கு மாசம் நாப்பது ரூபா குடுத்தது. ஒரு மாசமும் பிந்தினதில்ல. இப்ப மாடி இருக்கு, கதவு இருக்கு, குழாய்த் தண்ணி இருக்கு. வாடகை மட்டும் எப்படி அஞ்சு ரூபாயாச்சுன்னு எனக்குப் புரியல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

முதலியார் மொழிபெயர்த்தார். பிரக்கிராசி எழுந்து, சந்தையில் வாடகை ஏறும் இறங்கும், தன் கட்சிக்காரர் கொடுப்பது ஐந்து ரூபாய்தான், அதற்கு முத்திரையிட்ட ஒப்பந்தம் உண்டு, யாருக்காவது ஒப்பந்தம் பொய்யென்று சொல்ல முடியுமா என்று கேட்டார். யாராலும் முடியவில்லை. ஒப்பந்தம் உண்மையானதுதான். ஏஜண்டு துரை நெற்றியைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஒருவன் மனசாரக் கொடுக்கிற வாடகைதான் கட்டடத்தின் மதிப்பு என்று கையிலிருந்த சட்டப்புத்தகத்திலிருந்து வாசித்தார். மதிப்பு மாறாது என்று தீர்ப்பானது. ஸுபைராவின் பேட்டைக்கும் குறையவில்லை.

வாசலுக்கு வந்த பிறகுதான் ஸஹாப்தீனுக்குப் பேச்சு வந்தது. வழிநெடுகத் துரைமாரைத் திட்டிக்கொண்டே நடந்தான். நியாயம் கிடைக்காததைக்கூட ஸுபைரா பொறுத்துக்கொள்வாள். அத்தனை பேருக்கும் உண்மை தெரிந்திருந்தும் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்ததுதான் பொறுக்கவில்லை.

மறுவருட விசாரணைக்கு அவள் மறுபடி போனாள். இந்த முறை முதலில் அவளே எழுந்தாள்.

"ஒரு கட்டடத்தின் மதிப்பு, அதுக்கு ஒருத்தன் மனசார என்ன வாடகை குடுப்பானோ அதுதான்னு போன வருசம் வாசிச்சீங்க. நான் குடுக்கிறேன். அந்தப் பண்டசாலையை எனக்கு விடச் சொல்லுங்க, மாசம் முப்பத்தஞ்சு ரூபா. மூணு மாச முன்பணம் இதோ."

முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தாள். பிரக்கிராசி எழுந்து, கட்டடம் வாடகைக்கு இல்லை என்றார். வாடகைக்கு இல்லாததை உங்கள் கட்சிக்காரர் எப்படி வாடகைக்கு வைத்திருக்கிறார் என்று ஊர் உறுப்பினர்களில் ஒருவர் கேட்டார். அவர் போன வருடம் வாயே திறக்காதவர். ஏஜண்டு துரை முதல் தடவையாகச் சிரித்தார். பண்டசாலையின் மதிப்பு, மாதம் முப்பத்தைந்து ரூபாய் வாடகைக் கணக்கில் ஏறியது.

அன்று மாலை பேட்டையில் வண்டிக்காரர்களுக்கு இலவசமாக ரொட்டி. ஸஹாப்தீன், தானே வாதாடி ஜெயித்ததைப் போலக் கதையை எல்லாருக்கும் சொன்னான். வீரய்யா மட்டும் வழக்கம்போலப் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "கம்பனிக்காரங்க இதை இப்படியே விடமாட்டாங்க உம்மா" என்றார்.

விடவில்லை. ஹாலிஎலப் பாதையில், நகர எல்லைக்கல்லுக்குக் கொஞ்சம் அப்பால், கம்பனி ஒரு காணி வாங்கியது. தகரக் கூரை போட்டுப் புதிய பண்டசாலை எழுப்பியது. எல்லைக்கு அப்பால் சோலைவரி கிடையாது. பதுளைப் பண்டசாலையின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஆளில்லாத கட்டடத்துக்கு வரித் தள்ளுபடி என்று சட்டத்தில் இன்னோர் இடத்தில் இருந்தது. ஐந்து ரூபாய்க் கணக்கில் முன்பு வந்துகொண்டிருந்த கொஞ்ச வரியும் நின்றது.

பூட்டிக் கிடப்பதை எனக்கு விடுவார்களா என்று ஸுபைரா உண்மையாகவே கேட்டு அனுப்பினாள். வீரய்யா பதில் கொண்டுவந்தார்.

"விடமாட்டாங்க. விட்டா அதுக்கு இவ்வளவு மதிப்பு உண்டுன்னு அவங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். பூட்டி வைக்கிறதுதான் லாபமாம்."

தேயிலை வண்டிகள் எல்லைக்கு அப்பாலேயே நின்றன. பேட்டை வெறிச்சோடியது. மாட்டுக் கொட்டிலில் கோழிகள் படுத்தன. ஸுபைரா ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அழகையா வந்தான். லத்தீப் காலத்திலிருந்தே பேட்டைக்கு வருகிற வண்டிக்காரன், தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், யாரிடமும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவன்.

"உம்மா, நீங்களும் அங்கிட்டே வந்துருங்க. உங்க ரொட்டி இல்லாம நாங்க காஞ்சு போறோம். வரியும் இல்ல, தொந்தரவும் இல்ல."

அவள் போனாள். புதிய பண்டசாலைக்கு எதிரே ஒரு சிங்களக் குடும்பத்தின் காணியைக் குத்தகைக்கு எடுத்து, ஓலைக் கொட்டில் போட்டாள். ஊருக்குள்ளிருந்த பேட்டையைப் பூட்டினாள். அதற்கும் வரித் தள்ளுபடி கிடைத்தது. அந்த வருடம் கையில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பணம் நின்றது. அவள் அதை மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.

வெட்கப்பட வைத்தவர் புஹாரி. கடைவீதியில் தகரவேலை செய்கிறவர். லாம்பு, வாளி, புனல் செய்வார். ஒரு பெருநாள் சமயம் வாளி வாங்க ஆளனுப்பாமல் அவளே வண்டியில் போயிருந்தாள். புஹாரி வாளியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார், காசை வாங்கவில்லை.

"ஏன் புஹாரி நானா?"

"காசு வேணாம் தங்கச்சி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கம்பனி எல்லையத் தாண்டிப் போச்சு, நீயும் போயிட்ட. குழாய்க் கடன் போகல்ல. இந்த வருசம் என்ட கடைக்கு மறுபடி ஏத்தியிருக்கான். நான் கடையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு எங்க போக?"

ஸுபைரா காசைப் பலகையில் வைத்துவிட்டு வந்தாள். கம்பனியைப் போல நான் மாடி கட்டவில்லை, எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று வண்டிக்குள் இருந்தபடி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது உண்மைதான். ஆனாலும் அந்த வாளியை அவள் கொட்டிலில் புழங்கவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் வாந்திபேதி வந்தது. எல்லைக்கு அப்பால் குழாய் இல்லை. மாடும் மனிதரும் ஒரே ஓடையில்தான் தண்ணீர் எடுத்தார்கள். கம்பனி தன் ஆட்களுக்கென்று மேலே ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் இழுத்திருந்தது. ஓடையின் கீழ்ப்பக்கத்தில்தான் வண்டிக்காரர்கள். ஒருநாள் விடிகாலையில் அழகையா கொட்டிலில் சுருண்டு கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. கை ஜில்லிட்டிருந்தது.

ஸஹாப்தீன் ஊருக்கு ஓடினான். போர்டின் சுகாதார இன்ஸ்பெக்டர் அவனை நிற்க வைத்தே கேட்டார். "எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" அந்தப் பக்கம் என்றதும், "அது என் பொறுப்பில்ல. ஊர்த்தலைவர் ஆராச்சிகிட்டச் சொல்லுங்க, அவர் கச்சேரிக்கு எழுதுவார்" என்றார்.

அதற்குள் ஸுபைரா எதிரே இருந்த பண்டசாலைக்குத் தானே போயிருந்தாள். வாசலில் வீரய்யா. உள்ளே போய்க் கம்பனித் துரையிடம் பேசிவிட்டு வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டிக்காரங்க கம்பனி ஆள் இல்லையாம் உம்மா. பெட்டி ஏத்துற வேலை இப்ப வேற ஒரு கம்பனிக்குக் குடுத்திருக்கு. அவங்ககிட்டக் கேக்கச் சொல்றாரு."

"அந்தக் கம்பனி எங்க இருக்கு?"

"கொழும்புல."

"அதுலயும் அதே நாலு பேர்தானா?"

வீரய்யா கோட்டைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு அவளோடு நடந்தார். அவரும் அவளுமாகத்தான் அழகையாவைத் தூக்கி அவளுடைய வண்டியில் படுக்க வைத்தார்கள். முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவில்லை. கடைவீதி வழியாக, எல்லாரும் பார்க்க, அவளே கூட இருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவர்கள் எல்லையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு கட்டில் கொடுத்தார்கள். அழகையா இரண்டாம் நாள் செத்துப்போனான். கடைசிவரைக்கும் தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி பெரியாயி தோட்டத்திலிருந்து நடந்து வந்தாள். வண்டியும் மாடும் அவனுடைய சொந்தம் அல்ல, எனவே அவளுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லப்பட்டது. ஸுபைரா அவளைப் பேட்டையில் தங்க வைத்தாள். எந்தப் பேட்டையில் என்பதை அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஓலைக் கொட்டிலைப் பாயோடு சேர்த்துக் கொளுத்தச் சொல்லிவிட்டு, ஊருக்குள்ளிருந்த பழைய கதவின் பூட்டைத் திறந்தாள்.

"வண்டி வராதே புள்ள" என்றான் ஸஹாப்தீன்.

"வரும். ஓடைத் தண்ணியக் குடிச்சுச் சாக யாருக்கு ஆசை?"

முதலில் இரண்டு வண்டி வந்தது. வாந்திபேதியின் பயம் மற்றவர்களையும் அழைத்துவந்தது. பெட்டியை எல்லைக்கு அப்பால் ஏற்றினாலும், மாட்டை அவிழ்க்க ஊருக்குள் வந்தார்கள். ஸுபைரா போர்டுக்கு மறுபடி ஒரு மனுப் போட்டாள். இந்த முறை வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் முழு வரி கட்டுகிறேன், என் வாசலில் ஒரு பொதுக்குழாய் வையுங்கள் என்று கேட்டாள். கீழே முதல் கையெழுத்துப் புஹாரி போட்டார். போர்டு ஒரு வருடம் இழுத்தடித்துவிட்டுக் குழாயை வைத்தது.

கம்பனி வண்டிகளும் அந்தக் குழாயில்தான் பீப்பாய் நிரப்பின. ஸஹாப்தீனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு சதக் காசு வரி கட்டாதவனுக்கு நம்ம தண்ணியா?"

"குடிக்கிறது மாடு, நானா. டைரக்டர் துரைமார் வந்து குடிக்கட்டும், அப்ப நான் மறிக்கிறேன்."

வீரய்யா சில வருடம் கழித்துக் கம்பனியை விட்டு விலகினார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பேட்டையில் கல்லாக் கணக்குப் பார்க்கச் சேர்ந்துகொண்டார். பெரியாயி ரொட்டி சுட்டாள். அவள் கைக்கு ருசி கூடுதல் என்று வண்டிக்காரர்கள் சொன்னபோது ஸுபைரா முகத்தைச் சுளித்தாள், ஆனால் அடுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில் ரயில் பதுளைக்கே வந்தது. கம்பனி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இன்னொரு பண்டசாலை எடுத்தது. அதற்குச் சொந்தக்காரன் என்று வேறொரு புதுப் பெயர் கேள்விப்பட்டார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஸுபைரா மாட்டுக் கொட்டில்களைச் சுவர் வைத்து அறைகளாக்கி, ரயில்வே ஆட்களுக்கு வாடகைக்கு விட்டாள். மதிப்பிட வந்த போர்டு ஆள் ஒவ்வோர் அறையையும் எட்டிப் பார்த்துத் தொகையைச் சொன்னபோது, அவள் அரைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"இதுல ஒருத்தன் காலை நீட்டிப் படுத்தா அடுத்தவன் நிக்கணும். இதுக்கு இவ்வளவா? வாங்க, அளந்து பாருங்க."

அளந்தார்கள். கொஞ்சம் குறைந்தது. குறைத்துச் சொன்ன தொகையை அவள் அன்றைக்கே கட்டினாள். அதற்கு மேல் ஒரு சதம் கூடக் கட்டவில்லை.